நிஸ்டாட்டின் வாய்மருந்து: பூஞ்சைக்கு நல்லது, பல்லுக்கு?

எச்.ஐ.வி. உள்ள குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பி போல வெள்ளை படிந்தால் பரவலாக எழுதித் தரப்படும் மருந்து இது. மஞ்சள் திரவம், 1 மில்லியில் 1 லட்சம் யூனிட். 1950-இல் நியூயார்க்கில் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் கண்டறிந்தார்கள். மருந்தின் பெயரும் அந்த மாநிலத்தின் பெயரிலிருந்து பிறந்ததே.

இதன் பெரிய பலம், குடலிலிருந்து ரத்தத்தில் ஏறக்குறைய சேர்வதே இல்லை. அதனால் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளோடு மோதாது. இன்னொரு பூஞ்சை மருந்தான ஃபுளூகோனசோல் அப்படியல்ல, நெவிரபின் என்ற ஏ.ஆர்.டி. மருந்தை எடுக்கும் குழந்தைக்கு நெவிரபின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும்.

ஆனால் மருந்து படும் இடத்தில்தான் வேலை செய்யும் என்பதால், கொடுக்கும் முறை தவறினால் பலனில்லை. புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். தூள் அடியில் தங்கினால் முதல் வேளைகள் நீர்த்தும் கடைசி வேளைகள் கெட்டியாகவும் போகும். கைக்குழந்தைக்கு வழக்கமான அளவு 2 மில்லி, கன்னத்துக்கு 1 மில்லி வீதம். பெரிய பிள்ளைக்கு 4 முதல் 6 மில்லி. வாயில் சுழற்றி, முடிந்தவரை வைத்திருந்து விழுங்க வேண்டும். நாளுக்கு 4 வேளை, சாப்பிட்ட பிறகு. அடுத்த அரை மணி நேரம் எதுவும் தரக்கூடாது. வெள்ளை மறைந்த பிறகும் 2 நாள் தொடர வேண்டும். இங்குதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள், பூஞ்சையும் திரும்பிவிடுகிறது. மருத்துவர் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியும் எழுதியிருந்தால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது அரை மணி இடைவெளி விடுங்கள். சேர்ந்தால் இரண்டுமே வலுவிழக்கும்.

பல்லைப் பொறுத்தவரை கவலை தருவது சர்க்கரை. கசப்பை மறைக்கப் பல தயாரிப்புகளில் சுக்ரோஸ் தாராளமாகச் சேர்க்கிறார்கள். பாதி சர்க்கரை உள்ள திரவம் என்றால், வேளைக்கு 5 மில்லி, நாளுக்கு 20 மில்லி: 10 கிராம் சர்க்கரை பல்லில் தடவியது போல. இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஏற்கெனவே எச்சில் குறைவு. சிலர் இனிப்பு ஏ.ஆர்.டி. சிரப்பும் குடிப்பவர்கள். வாயில் வெள்ளையாகப் படியும் கேண்டிடா பூஞ்சையோ பல்லைச் சொத்தையாக்கும் பாக்டீரியாவோடு கைகோத்து, கெட்டியான படலம் கட்டி, அமிலமும் சுரக்கும். சொத்தைக் குழி அதற்கு ஒளிவிடம். குழியை அடைக்காமல் புட்டி புட்டியாக மருந்து ஊற்றினாலும் பூஞ்சை அங்கிருந்தே மறுபடி கிளம்பும்.

எனவே லேபிளில் சுக்ரோஸ் இருக்கிறதா பாருங்கள், சர்க்கரையில்லாதது கிடைத்தால் அதையே கேளுங்கள். கடைசி வேளையைப் படுக்கப் போகும்போது தராமல் இரவு உணவு முடிந்ததும் கொடுங்கள். அரை மணி கழித்து ஃபுளூரைடு பற்பசையால் துலக்கிவிடுங்கள்: 3 வயதுக்குள் அரிசியளவு, 3 முதல் 6 வயதுவரை பட்டாணியளவு. துப்பினால் போதும், வாயைத் தண்ணீரால் அலச வேண்டாம். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஃபுளூரைடு வார்னிஷ் பூசச் சொல்லிப் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

விழுங்கும்போது வலியென்று குழந்தை சாப்பிட மறுத்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அங்கே இந்தத் திரவம் போதாது. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முறையாகக் கொடுத்தும் வெள்ளை திரும்பத் திரும்ப வந்தால், இன்னொரு புட்டி வாங்கும் முன் ஏ.ஆர்.டி. மையத்தில் வைரஸ் அளவும் நோய் எதிர்ப்பைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.