லிமிடெட் எடிஷன் ஹவானாவா, சாதா பெட்டியா?

வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது டியூட்டி ஃப்ரீ கடையில் சுருட்டு அலமாரி முன்னால் நிற்பவர்களுக்கு வருகிற சந்தேகம்தான் இது. ஹவானா எனப்படும் கியூபா சுருட்டில் 'எடிசியோன் லிமிடாடா', அதாவது லிமிடெட் எடிஷன், ஒரு பக்கம், அதே பிராண்டின் வழக்கமான பெட்டி இன்னொரு பக்கம். விலை பெரும்பாலும் ஒன்றரை மடங்கு, சிலதுக்கு அதற்கும் மேலே. இரண்டையும் வாங்கிப் பார்த்தாயிற்று, இப்போது என் கை போவது பார்த்தகாஸ் பிராண்டின் சாதா சுருட்டான சீரி டி நம்பர் 4 (சுருக்கமாக டி4) பக்கம். (உடம்புக்கு எது நல்லது என்று கேட்டால், இரண்டுமே இல்லை.)

லிமிடாடா வரிசை 2000-இல் தொடங்கியது. சுருட்டைச் சுற்றிய வழக்கமான காகிதப் பட்டையோடு கறுப்பும் தங்கமுமாக இன்னொரு பட்டை, அதில் ஆண்டு. நீளமும் தடிமனும் அந்த பிராண்டில் வழக்கமாகக் கிடைக்காத அளவு. செடியின் மேல்பகுதியில் பறித்த கறுத்த இலைதான் மேலே சுற்றியிருக்கும். ஆரம்பத்தில் அந்த மேலிலையை மட்டும் குறைந்தது இரண்டு வருடம் பதப்படுத்தினார்கள், 2007 முதல் உள்ளே போகும் இலைகளுக்கும் அதே கணக்கு. பார்க்க அழகு என்பதில் சந்தேகமில்லை. எண்ணெய் தடவினாற்போல மினுங்கும், விரலில் லேசான பிசுபிசுப்பு இருக்கும். பரிசாகக் கொடுக்க என்றால் லிமிடாடாவையே வாங்குங்கள், அதில் விவாதமே வேண்டாம்.

நாமே பிடிப்பதற்கு என்றால் கேள்வி ஒன்றுதான்: வாங்கி எங்கே வைக்கப் போகிறீர்கள்?

'இலையை இரண்டு வருடம் பதப்படுத்தியாயிற்று, அதனால் வாங்கின உடனே பற்றவைக்கலாம்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுருட்டும்போது இலையை மறுபடி ஈரமாக்குகிறார்கள், சுருட்டிய பிறகும் உள்ளே ரசாயன மாற்றம் நடந்துகொண்டுதான் இருக்கும். புதுப் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அமோனியா நெடி அதனால்தான். லிமிடாடாவின் தடித்த மேலிலை இன்னும் கொஞ்சம் அடம்பிடிக்கும். வெளியான அதே வருடம் நான் பற்றவைத்தவை எல்லாம், போட்ட மறுநாளே தொட்டுக்கொண்ட ஊறுகாய் மாதிரிதான் இருந்தன. காரம் தனியாக, கசப்பு தனியாக, ஒன்றோடொன்று சேரவே இல்லை. எரிவதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நாலு தடவை லைட்டரை எடுக்க வைத்தது. ஆக, கூடுதல் காசும் கொடுத்துவிட்டு அப்புறம் நாலைந்து வருடம் நீங்களே அதைப் பாதுகாக்கவும் வேண்டும்.

சென்னையில் பாதுகாப்பது சும்மா வேலை இல்லை. சுருட்டுக்கு ஈரப்பதம் 65-லிருந்து 69 சதவீதம், வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. மே மாதத்தில் மேசை மேல் வைக்கிற அழகான மரப்பெட்டி எதையும் காப்பாற்றாது. வெப்பம் 25-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரித்துவிடும், பொரித்தால் ஊசியால் குத்தினாற்போலத் துளைகள், பெட்டியின் அடியில் மாவு மாதிரித் தூள். கியூபாவிலேயே இப்போதெல்லாம் உறையவைத்துத்தான் அனுப்புகிறார்கள் என்றாலும் நான் இன்னொரு தடவை காற்றுப் புகாத பையில் போட்டு மூன்று நாள் ஃப்ரீஸரில் வைத்து, பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுப்பேன். அதற்கப்புறம் சின்ன ஒயின் கூலர், உள்ளே ஈரப்பதப் பாக்கெட், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். இந்தச் செலவும் தொல்லையும் இரண்டு சுருட்டுக்கும் ஒன்றேதான்.

இங்கேதான் கணக்கு உடைகிறது. இந்த ஏற்பாடு வீட்டில் இருந்தால் சாதா டி4 அதற்குள்ளேயே தானாகப் பதமாகிவிடும். மூன்று வருடம் வைத்த டி4-இல் முதல் இழுப்பின் மிளகுக் காரம் அடங்கி, தோல், சீடர் மரம், கோகோ என்று ஒவ்வொன்றாக வரும், புதிதாக வாங்கிய லிமிடாடாவில் எனக்கு அது கிடைக்கவில்லை. ஏற்பாடு இல்லையென்றால் பெட்டியாக எதையும் வாங்காமல் ஒன்றிரண்டு உதிரியாக வாங்கிப் பிடிப்பதே உத்தமம். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கூடுதல் விலைக்கு என்னால் நியாயம் சொல்ல முடியவில்லை.

'கிடைக்காமல் போய்விடும்' என்ற பயமும் முழுக்க உண்மை இல்லை. எச். உப்மன் மேக்னம் 50 முதலில் 2005-இன் லிமிடாடா, 2008-இல் வழக்கமான தயாரிப்பாகிவிட்டது. பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 5-உம் அப்படியே, 2008-இல் லிமிடாடா, 2011-இல் சாதா. இலைப் பக்குவம் அதேதானா என்று யாராவது சண்டைக்கு வரலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அளவு அதே, பிராண்டும் அதே.

விற்று லாபம் பார்க்கலாம் என்று சொல்பவர்கள் லண்டன் ஏலங்களைக் காட்டுவார்கள். அங்கே பழைய லிமிடாடா பெட்டிகளுக்குக் கிராக்கி உண்டுதான், ஆனால் சென்னையில் இருந்துகொண்டு முத்திரை உடையாத பெட்டியை யாரிடம் கொண்டுபோய் விற்பது? நான் விற்றதில்லை, அதனால் இதற்கு மேல் பேசவில்லை. பத்து வருடம் தாண்டிய லிமிடாடா நண்பர் தயவில் என்றைக்கோ கிடைத்தது. அருமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெருமையில் பாதி அவருடைய பத்து வருடப் பொறுமைக்குப் போக வேண்டியது.

காத்திருக்கவே முடியாது, இன்று ராத்திரியே நன்றாக இருக்க வேண்டும் என்றால் கியூபாவை விட்டு நிகராகுவா பக்கம் போங்கள். பத்ரோன் 1964 ஆனிவர்சரியில் நான்கு வருடம் பக்குவமான இலை, பெட்டியைத் திறந்த அன்றே ஒழுங்காக எரியும். மலிவு இல்லை, ஆனால் கொடுத்த காசுக்கு அன்றைக்கே பலன் தெரியும்.

கடைசியாக, விமானத்தில் வருபவர்களுக்கு. இந்தியாவுக்குள் வரியில்லாமல் கொண்டுவர முடிவது 25 சுருட்டு, டி4 பெட்டியும் 25 கொண்டதாகக் கிடைக்கிறது. வாங்குமுன் பெட்டியைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். மரத்தில் சுட்ட முத்திரைகளுக்குப் பக்கத்தில் மையில் ஸ்பானிய மாதத்தின் மூன்று எழுத்தும் ஆண்டும் இருக்கும். மூன்று வருடம் முந்தைய தேதியுள்ள பெட்டி இன்றைய விலைக்கே அலமாரியின் பின்வரிசையில் கிடப்பது உண்டு, கடைக்காரரிடம் கேட்டு அதை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.