ஏழு கணினி, மூன்று லினக்ஸ்: ஒன்று போதுமா, பல வேண்டுமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய வாசகசாலை. அங்கே ஏழு கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஏழும் தானமாக வந்தவை. யார் எப்போது நேரம் ஒதுக்கினார்களோ அவர்கள் தமக்குப் பிடித்ததை நிறுவிவிட்டுப் போனார்கள். அதனால் நான்கில் உபுண்டு, ஒன்றில் லினக்ஸ் மின்ட், மிகப் பழைய இரண்டில் டெபியன். மூன்றும் விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வகைகள்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தமிழ்99 விசைப்பலகையில் கட்டுரை அடித்துக்கொண்டிருந்தாள். உபுண்டுவில் சூப்பர் விசையோடு (விண்டோஸ் குறி போட்ட விசை) ஸ்பேஸை அழுத்தினால் ஆங்கிலம் தமிழாகும். அவள் விரல்களுக்கு அது பழகிவிட்டது. அன்று இடமில்லாமல் மின்ட் கணினியில் உட்கார்ந்தாள். அதில் எழுத்து மாற்றும் மென்பொருள் வேறு, கண்ட்ரோலோடு ஸ்பேஸை அழுத்த வேண்டும். ஐந்து நிமிடம் முயன்றுவிட்டு, "அண்ணா, இந்தக் கணினியில் தமிழ் இல்லையா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூல இயங்குதளங்களில் இத்தனை வகை எதற்கு, ஒன்றே ஒன்று இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. ஆகவே இரண்டு பக்கத்தையும் நேர்மையாக எடை போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

'ஒன்றே போதும்' என்பவர்களின் பலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கூடலூர் தாண்டி நாடுகாணியில் இறங்கினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளுக்கென்று உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரே லினக்ஸ் வழங்கலை, அதாவது நிறுவத் தயாரான தொகுப்பை, தயாரித்துப் பரப்பியிருக்கிறார்கள். ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்த திரையும் பிள்ளை பார்க்கும் திரையும் ஒன்றுதான். ஒரு பள்ளியில் வந்த கோளாறுக்குக் கண்டுபிடித்த தீர்வு எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும். நம் பக்கத்தில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியனிலிருந்து மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக் உருவாக்கியது அது. நல்ல முயற்சி. ஆனால் எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் ஒரு மென்பொருள் தானாக வேர் பிடிக்காது என்பது என் எண்ணம்.

வன்பொருள் விற்பவர்களும் 'ஒன்று' என்பவர்கள் பக்கமே சாட்சி சொல்கிறார்கள். வாசகசாலைக்கு வாங்கிய அச்சுப்பொறிக்கு அதன் நிறுவனம் தந்த இயக்கி (அச்சுப்பொறியைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள்) டெபியன் குடும்பத்துக்கான டெப் வடிவில் மட்டும் இருந்தது. ஆர்பிஎம் என்ற வேறு வடிவம் கேட்கும் ஃபெடோரா லினக்ஸ்காரர் என்ன செய்வார்? அலைவார்.

இனி மறுபக்கம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, மட்டும். அதோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்து, நிறுவிப் பயன்படுத்தும்படி கட்டித் தருவதுதான் வழங்கல். 1993-இலேயே ஸ்லாக்வேரும் டெபியனும் வந்துவிட்டன. டெபியனிலிருந்து 2004-இல் உபுண்டு, உபுண்டுவிலிருந்து 2006-இல் மின்ட். இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்றாலும் பெரும்பாலானவை டெபியன், ரெட் ஹேட், ஆர்ச் போன்ற சில வேர்களின் கிளைகள்தான். பெயரும் சுவர்ப்படமும் மாறிய கிளைகளைப் 'பன்மை' என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. உண்மையான பன்மை வேறு இடத்தில் இருக்கிறது.

2024 மார்ச் 29 அன்று அது தெரிந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளை ஏறக்குறைய எல்லா லினக்ஸும் பயன்படுத்துகின்றன. அதன் பராமரிப்பில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றை ஒளித்து வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் சேவையின் பூட்டை உள்ளிருந்தே திறக்கும் கதவு அது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ன்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதில் அகப்பட்டது. அவர் பயன்படுத்தியது டெபியனின் இன்னும் நிலைபெறாத 'சிட்' கிளை.

அதற்குள் அந்தப் பதிப்பு எங்கெல்லாம் போயிருந்தது? டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்னோட்டங்கள், ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் போன்ற வேகமானவற்றுக்கு. நிதானமாக நகரும் டெபியனின் நிலைத்த பதிப்பிலும் ரெட் ஹேட்டின் நிறுவனப் பதிப்பிலும் அது நுழையவே இல்லை. ஆர்ச் வேகமானது, கெட்ட பதிப்பும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் அதன் எஸ்எஸ்ஹெச் அந்த நிரலோடு இணைக்கப்படாததால் கதவுக்கு வழி கிடைக்கவில்லை. எல்லாரும் ஒரே நாளில் ஒரே பதிப்புக்கு மாறும் உலகமாக இருந்திருந்தால் எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. முந்தி ஓடியவர்கள் முள்ளைக் கண்டு சொன்னார்கள், பின்னால் வந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள்.

நேர்மையாக இதன் எதிர்க்கதையையும் சொல்ல வேண்டும். 2006-இல் டெபியன் பராமரிப்பாளர்கள் இணையத் தொடர்பை மறையாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் தாங்களே ஒரு திருத்தம் செய்தார்கள். அதனால் உருவாக்கப்பட்ட ரகசியச் சாவிகள் ஊகிக்கக்கூடியவை ஆகிவிட்டன. ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள்தான் மிஞ்சின. 2008 மே வரை யாரும் கண்டுகொள்ளவில்லை. மூல மென்பொருளில் இல்லாத பிழை, டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு போன்றவற்றிலும் மட்டும் இருந்தது. ஆளுக்கொரு தையல் போட்டால் சில தையல் கோணலாகும். பன்மைக்கு நாம் கொடுக்கும் விலை இது. சிறிய விலை என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே சொல்வேன். ஏன் என்பதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் புரியவைத்தார். அவர் உருளைக்கிழங்கு போடுபவர். குஃப்ரி ஜோதி என்ற ரகம் 1968-இல் வந்தது, இன்னும் நிலைத்திருக்கிறது. 1961-இல் நீலகிரி மண்ணில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டறியப்பட்ட பிறகு, அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா இந்த மலைக்கென்றே வெளியிடப்பட்டது. முத்தொரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் எத்தனையோ ரகங்களைக் காப்பாற்றி வைத்திருப்பதன் அருமை அவருக்குத் தெரியும். ஆனால் கார்போகத்தில் தம் அரை ஏக்கரில் அவர் ஐந்து ரகத்தைக் கலந்து நடுவதில்லை. "ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாம் இருக்க வேண்டும் தம்பி, என் பாத்தியில் ஒன்று போதும்" என்றார்.

எனக்கு வேண்டிய பதில் அதில் இருந்தது. 'ஒன்றா பலவா' என்று பொதுவாகக் கேட்பதால்தான் சண்டை முடிவதில்லை. உருவாக்குகிறவர்களின் உலகத்தில் பல வேண்டும், அதுவும் வேகத்திலும் கட்டமைப்பிலும் நிஜமாகவே வேறுபட்ட பல. பிரிவுகூட அங்கே பலன் தருகிறது: லினக்ஸ் அல்லாத மற்றொரு திறமூல இயங்குதளமான நெட்பிஎஸ்டியிலிருந்து 1995-இல் மனக்கசப்போடு பிரிந்த ஓப்பன்பிஎஸ்டி குழுதான், இன்று ஏறக்குறைய எல்லா லினக்ஸும் எஸ்எஸ்ஹெச் சேவைக்குப் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை 1999-இல் தந்தது. பயன்படுத்துகிறவர்களின் அறையில் ஒன்றுதான் வேண்டும். ஒரு வாசகசாலையில், ஒரு பள்ளியில் மூன்று வகையை வைத்துவிட்டு அதைச் சுதந்திரம் என்று சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். அந்த அநியாயத்தை இத்தனை நாள் நான் செய்துகொண்டிருந்தேன்.

பழைய இரண்டு கணினிகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றின் செயலி பழைய 32 பிட் வகை, நினைவகம் ஒரு ஜிபி. உபுண்டு 2017-இலேயே அந்த வகைக்கு மேசைக்கணினி நிறுவியைத் தருவதை நிறுத்திவிட்டது. 2025-இல் வந்த டெபியன் 13-உம் நிறுத்திவிட்டது. ஒரே இயங்குதளம் இருந்த உலகமாக இருந்தால் இரண்டும் அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆன்டிஎக்ஸ் என்ற சிறிய வழங்கல் இப்படிப்பட்ட பழைய கணினிகளையும் மனதில் வைத்து உருவாக்கப்பட்டது.

மற்ற ஐந்திலும் ஒரே உபுண்டு. மின்ட் கணினியை ஞாயிறன்று காலை மாற்றினேன். ஆன்டிஎக்ஸ் போட்ட இரண்டிலும் தமிழ்99-ஐச் சூப்பர் விசையோடு ஸ்பேஸுக்கே அமைத்துவிட்டு, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஏழிலும் ஒரு வரி அடிக்கச் சொன்னேன். ஏழிலும் அம்மா என்று அடித்தாள்.