கையால வரைஞ்ச கைஃபெங் சுருள் ஓவியம்: நாலு வருஷம் வச்சிருந்த அனுபவம்

போன வாரம்தான் ரிப்பேருக்குப் போன சுருள் வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு. சாப்பாட்டு மேசையில விரிச்சு வச்சிருந்ததைப் பார்த்துட்டு நண்பர் ஒருத்தர் "நானும் ஒண்ணு வாங்கட்டுமா"ன்னு கேட்டார். ஆமா இல்லன்னு ஒரே வார்த்தையில சொல்ற விஷயம் இல்ல, நாலு வருஷமா மனசுல கிடக்கறது, அதனால முழுசா எழுதறேன்.

இது சிங்மிங் சுருளோட காப்பி. சுமார் 900 வருஷத்துக்கு முன்னாடி, சீனாவுல சோங் வம்சத்துக் காலத்துல, ஜாங் ஸெதுவான்ங்கற ஓவியர் அப்போதைய தலைநகர் கைஃபெங்கோட ஆறு, பாலம், கடைத்தெருன்னு எல்லாத்தையும் ஒரே நீளச் சுருள்ல வரைஞ்சது அது. அசல் பெய்ஜிங் அரண்மனை மியூசியத்துல இருக்கு, எப்பவாவதுதான் வெளிய எடுப்பாங்க, 2015ல எடுத்தப்போ ஜனங்க மணிக்கணக்கா வரிசையில நின்னாங்க. நம்ம கைக்கு வர்றது காப்பிதான். நான் வாங்கினது கைஃபெங்லயே, ஒரு சின்னக் கடையில. அந்த ஊர்ல இந்த ஓவியத்தைப் பார்த்தே ஒரு பெரிய பூங்கா கட்டியிருக்காங்க, மரப்பாலம் உட்பட. அந்தப் பாலத்துல ஏறி நின்னுட்டு வந்த சூட்டோட வாங்கிட்டேன். 480 சிங்கப்பூர் வெள்ளி ஆச்சு.

வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க. இதே பேர்ல 1736ல சிங் வம்சத்து அரண்மனை ஓவியர்கள் அஞ்சு பேர் சேர்ந்து வரைஞ்சதும் இருக்கு, 11 மீட்டருக்கு மேல நீளம், இப்ப தைபேயில இருக்கு. அதுக்கு முந்தின மிங் வம்சத்துக் காலத்துதும் தனியா உண்டு. கடையில எல்லாத்துக்கும் ஒரே பேர்தான் சொல்வாங்க. பாலத்தைப் பாருங்க, போதும். மரப்பாலம்னா சோங் காலத்தைப் பார்த்து வரைஞ்சது, கல்பாலம்னா பிந்தினது. அப்புறம் ஒரு லென்ஸ் கொண்டு போங்க, பிரிண்ட்டுன்னா புள்ளி புள்ளியா தெரிஞ்சுடும். என்னோடது சந்தேகமே இல்லாம கையால வரைஞ்சது, மை பட்டு இழைக்குள்ள இறங்கியிருக்கறது நல்லா தெரியுது.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். கோட்டை வாசல்ல ஒட்டகம் வெளிய வருதே, முன்பாதி வெளிய, பின்பாதி இன்னும் நிழலுக்குள்ள, அந்த இடத்தை இந்தக் காப்பியில வரைஞ்ச கை சாதாரணக் கை இல்ல. கழுத்துல ஒரே இழுப்பு, திருத்தவே இல்ல, ஆனா அந்த மிருகத்தோட அலுப்பு அப்படியே வந்திருக்கு. வலது ஓரத்துல சுமையோட வர்ற கழுதைங்களும் அப்படித்தான். சுவர்ல மாட்டாம முறைப்படி வலதுலேர்ந்து இடதுக்கு ஒரு கை நீளம் விரிச்சு, பார்த்து, சுருட்டி, அடுத்ததை விரிச்சுன்னு பார்த்தா ஊருக்குள்ள நடந்து போற மாதிரியே இருக்கும். என் பொண்ணு ரெண்டாம் வகுப்புலேர்ந்து இதைப் பார்த்துத்தான் வளர்றா, எந்தக் கடை எந்தக் கடைக்கு அடுத்ததுன்னு அவளுக்கு மனப்பாடம்.

ஆனா பாலம். அந்தப் பாலத்துக்கு நடுவுல தூணே கிடையாது, மரங்களை ஒண்ணோட ஒண்ணு பின்னி வளைச்சுக் கட்டினது. அடியில ஓடற பியென் ஆறு தெற்கேருந்து தலைநகருக்கு தானியம் வர்ற வழி, நடுவுல தூண் இருந்தா படகு மோதும், அதுக்காகத்தான் அப்படிக் கட்டினாங்க. அந்த இடத்துலயே ஒரு படகு ஏடாகூடமா திரும்பி, பாய்மரத்தை முழுசா சாய்க்கறதுக்குள்ள பாலத்துக்கிட்ட வந்துடுது, கரையெல்லாம் கத்தறாங்க, பாலத்து மேலேர்ந்து ஒருத்தன் கயிறு விடறான். மொத்தச் சுருளுக்கும் உயிரே அந்தக் கயிறுதான்னு நான் நினைக்கறேன், ஏன்னா ஊர் பேர் தெரியாத ஒருத்தன் முன்னபின்ன தெரியாத படகுக்காரனுக்கு விடற கயிறு அது.

என் காப்பியில கயிறு இல்ல. மேல ஒருத்தன் வெறுங்கையை நீட்டிட்டு நிக்கறான், கீழ படகுல ஒருத்தன் ரெண்டு கையையும் தூக்கியிருக்கான், நடுவுல வெறும் பட்டு. வாங்கின அன்னைக்குக் கவனிக்கல, வீட்டுக்கு வந்து ரெண்டாவது நாள் கண்ணுல பட்டுது, அன்னையிலேர்ந்து ஒவ்வொரு தடவை விரிக்கறப்பவும் அங்க வந்தா எரிச்சல் வருது. கடைக்கு போட்டோ அனுப்பினேன், கையால வரைஞ்சா கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்னு ஒரு வரி பதில் போட்டதோட சரி. வண்ணம் முன்னபின்ன இருக்கலாம். கயிறு எப்படி இருக்கும்?

இப்ப ரிப்பேருக்குப் போனது வேற காரணத்துக்கு. சிங்கப்பூர் ஈரத்துல பின்பக்கப் பசை விட்டு ஓரம் உப்பிடுச்சு. பிராஸ் பாசா பக்கம் ஒரு வயசான அங்கிள், பழைய காகிதத்தை நனைச்சுப் பிரிச்சு, புதுசு ஒட்டி, பலகையில விரிச்சுக் காய வச்சு மூணு வாரத்துல கொடுத்தார், 260 வெள்ளி. அவர் எடுத்த உடனே பாலத்துல விரலை வச்சு "கயிறு எங்க"ன்னு கேட்டார். ரெண்டு நிமிஷ வேலை, நானே போட்டுத் தர்றேன்னு மையும் உரைச்சுட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் லென்ஸை வச்சுப் பார்த்துட்டே இருந்தவர் பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டார். படகையே ஒரு விரக்கடை இடதுபக்கம் தள்ளி வரைஞ்சிருக்காங்களாம், மேலேர்ந்து கயிறு விட்டா தண்ணியிலதான் விழும், அவன் கைக்கு எட்டாது. வரைஞ்சவங்களுக்கும் கடைசியில அது தெரிஞ்சிருக்கும், அதான் விட்டுட்டாங்கன்னார்.

கேட்டப்புறம் கோவம் கூடினதுதான் மிச்சம். மறதின்னா மன்னிக்கலாம், தெரிஞ்சே அந்தப் படகுக்காரனை அப்படி விட்டுட்டுப் போனதை என்னால ஏத்துக்க முடியல. அந்த ஒட்டகத்தை வரைஞ்ச கைக்கு இன்னொரு தடவை பாலத்தை வரையத் தெரியாதா?

அதனால நண்பருக்கு என் பதில், வாங்காதீங்க. அசலை போட்டோ எடுத்துப் போட்ட நல்ல பிரிண்ட் சுருள் வாங்குங்க, பாதி விலைகூட ஆகாது, கயிறு இருக்கும். என்னோடதைக் குடுப்பீங்களான்னும் கேட்டீங்க, அது முடியாது. ஒட்டகம் பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, கையைக் கழுவி நல்லா காய வச்சுட்டு உக்காருங்க.