கழுவித் துடைத்த பிறகு செத்துப்போன கீபோர்ட்டை எறியவிடாத கடை

திருகோணமலையில் கீபோர்ட் பழுதென்று போனால் முதலில் கேட்கிற பதில் "புதுசு எடுங்கோ". எங்களுக்கும் டவுனில் இன்னொரு கடையில் அதைத்தான் சொன்னார்கள், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றிப் பார்க்காமல். அதனால்தான் இந்தக் கடையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம், சின்ன இடம், ஒரே ஒரு ஆள்தான் திருத்துகிறார்.

உவர்மலையில் எங்களுடையது டைப்பிங், போட்டோக்கொப்பிக் கடை. வாணி விழாவுக்காகக் கடையைத் துப்புரவாக்கும்போது, வேலைக்கு நிற்கிற பிள்ளை கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேரே கீபோர்ட்டின் மேல் விசிறித் துடைத்திருக்கிறது. அடுத்த நாள் எஃப், ஜி, ஆர், டி, வி, பி (F, G, R, T, V, B) எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன, மற்றவை வேலை செய்கின்றன. பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடிக்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே விளங்கும்: க, ப, ச, வ நான்கும் போய்விட்டன. கிராம சேவகருக்கு ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது.

இங்கே அந்தத் தம்பி முதலில் கேட்டது என்ன திரவம், துடைக்கும்போது கரண்ட் இருந்ததா என்றுதான். பிறகு தன்னுடைய கொம்பியூட்டரில் செருகி, விண்டோஸில் இருக்கிற திரைக் கீபோர்ட்டைத் திறந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, திரையில் எது ஒளிரவில்லை என்று ஒரு துண்டில் குறித்தார். "அக்கா, ஒரு பட்டன் மட்டும் செத்தா அதுக்குக் கீழ ஊத்தை, இல்லாட்டி ரப்பர் விலகியிருக்கும். பக்கத்து பக்கத்துல கூட்டமாச் செத்தா லைன் போயிருக்கு" என்றார். சாதாரண கீபோர்ட்டுக்குள் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடுகின்றன, ஒரு கோட்டை எத்தனையோ பட்டன்கள் பங்குபோடுகின்றன, அந்தக் கோடு ஓரிடத்தில் தொடர்பு விட்டால் அதிலிருக்கிற எல்லாம் ஒன்றாக விழும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

என்னைப் பக்கத்தில் நிற்கவைத்தே திறந்தார். ரப்பருக்குக் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் கோடுகள், நடுத்தாளில் ஓட்டைகள். திரவம் அந்தத் தாள்களுக்கு நடுவில் பரவி அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. வெளியில் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், உள்ளே ஈரம். அரிசிக்குள் புதைப்பதாலோ வெயிலில் வைப்பதாலோ அந்த ஈரம் போகாது, அதிலும் கடும் வெயிலும் ஹேர் டிரையரும் தாளை நெளியவைத்துவிடும் என்று சொன்னார். மாரி தொடங்கிய நேரம், கடற்காற்று வேறு, இந்த ஊரில் தானாகக் காயும் என்று காத்திருந்தால் கோடுதான் கறுத்து அரிக்கும்.

தாள்களைப் பிரித்து, தூய ஐசோபுரொப்பைல் அல்ககோலில் மெதுவாகத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் விட்டார். பாமசியில் கிடைக்கிற 70 சதவீத ஸ்பிரிட்டில் மீதி பெரும்பாலும் தண்ணீர், அதனால் உள்ளே பாவிப்பதில்லையாம். அழுத்தித் தேய்க்கவும் இல்லை, தேய்த்தால் தொடுமிடத்தில் இருக்கிற கறுப்பு மை உரிந்துவிடும். ஒரு கோடு ஓரத்தில் அரித்திருந்தது, அதற்கு மின்சாரம் கடத்தும் வெள்ளி மையைத் தொட்டு வைத்தார். அடுத்த நாள் பின்னேரம் எடுத்தோம். 800 ரூபா. எல்லா எழுத்தும் விழுகிறது, கார்த்திகை மழையெல்லாம் முடிந்து இன்றுவரை அதே கீபோர்ட்டில்தான் அடிக்கிறோம்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப்பட்டது இன்னொன்று. நான் நிற்கும்போதே ஒரு ஐயா, துடைத்ததிலிருந்து கீபோர்ட் முழுக்கவே வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்தார். இவர் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. வலப்பக்க ஷிப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற ஒன்று இயங்கத் தொடங்கும், அதன்பின் சும்மா தட்டினால் எழுத்து விழாது, அழுத்திப் பிடிக்க வேண்டும். கரண்டோடு துடைக்கும்போது துணி ஷிப்டில் நின்றுவிட்டால் இது நடக்கும். அதை நிறுத்திக் கொடுத்துவிட்டுக் காசே வாங்கவில்லை. லப்டொப்பில் எழுத்துக்குப் பதில் இலக்கம் விழுந்தால் நம் லாக் (Num Lock) பட்டனைப் பாருங்கோ என்று அவருக்குச் சொல்லியும் அனுப்பினார். ஆகவே இங்கே வருவதற்கு முன் வீட்டில் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள், யூஎஸ்பியை வேறு துளையிலும் செருகிப் பாருங்கள், பாதிப்பேருக்கு அங்கேயே சரிவரும் என்று நினைக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. பற்றுச்சீட்டு கேட்டால்தான் தருகிறார், அதுவும் துண்டுக் கடதாசியில். எங்களைப்போலக் கடைக் கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கு அது போதாது. உத்தரவாதம் எத்தனை நாள் என்று தெளிவாகச் சொல்லவில்லை. பூட்டும்போது ஸ்பேஸ் பாரின் கீழ் இருக்கிற கம்பி கொளுவியில் சரியாக உட்காரவில்லை, ஒரு பக்கம் இறுகியது. திரும்பக் கொண்டுபோனதும் நின்றநிலையிலேயே சரிசெய்தார், ஆனால் கொடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டும். நீங்கள் எடுக்கும்போது ஸ்பேஸ், என்டர், ஷிப்ட் மூன்றையும் இரண்டு ஓரத்திலும் அழுத்திப் பாருங்கள்.

லப்டொப் கீபோர்ட் என்றால் பட்டனை நீங்களாகக் கெம்பாமல் கொண்டுவாருங்கள், அடியில் இருக்கிற கத்தரிக்கோல் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் உடைந்தால் அதற்கு மாற்று எடுப்பது இங்கே கஷ்டம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே கோல் எடுத்துக் கேட்பது நல்லது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூட்டினால் எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது.