“அன்றைக்கே மீன் விடலாம்” என்று சொல்லி விற்கும் பிளாண்டட் டேங்க்: வாங்கும் முன் படித்துவிடுங்கள்

செடி வைத்த மீன்தொட்டி வேண்டும் என்று போய் நிற்கும்போது, “நாங்களே வந்து செட் பண்ணித் தர்றோம் சார், அன்னைக்கே மீனும் விட்டுடலாம்” என்று கடைக்காரர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். எனக்கு அப்படித்தான் விற்றார்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பாணியில் விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆள் யார் என்பதைவிட, எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும்.

பேசி முடித்தது இதுதான். 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கணக்குப்படி 182 லிட்டர். மண், கல், மேலே விடும் இடைவெளி போக 150 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். கீழே செடிகளுக்கான சத்துமண், அதில் அசல் நீர்ச்செடிகள். மீன்களின் பட்டியலை நானே எழுதிக் கொடுத்தேன்: ஒரு கூட்டம் நியான் டெட்ரா, ஒரு கூட்டம் ஹார்லிகின் ராஸ்போரா, அடியில் மேயும் கோரிடோராஸ், ஒரு ஜோடி ஹனி கௌராமி, பாசிக்கு சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர். ஒன்றையொன்று கடிக்காத, தொட்டிக்கு மீறி வளராத மீன்கள். கடைக்காரர் வாசித்துப் பார்த்து, “நல்ல செலக்‌ஷன் சார்” என்றார்.

காலையில் ஆட்கள் வந்தார்கள். மாலைக்குள் மண், செடி, தண்ணீர், விளக்கு, மீன் எல்லாம் உள்ளே. தொட்டி அழகாகத்தான் இருந்தது. அவர்களே நாலு பக்கமும் நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள், விளம்பரத்துக்கு.

ஓரிரு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றன. செவுள் ஓரம் ரத்தச் சிவப்பு. போன் செய்தால், “புதுத் தண்ணி சார், செட் ஆயிடும்.” செட் ஆகவில்லை, சாக ஆரம்பித்தன. அடுத்த போனில் அதுவே ‘ஃபங்கஸ்’ ஆகிவிட்டது. நீல மருந்து ஒன்று, உப்பு ஒரு பொட்டலம், இன்னொரு மாத்திரை என்று பில் போட்டார்கள்.

அது ஃபங்கஸ் இல்லை, அம்மோனியா. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றும். மிச்சத் தீனியும் அழுகும் இலையும் அதோடு சேரும். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது, அளவோடு இருந்தால் செடிக்கு உரம். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் மண்ணிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். சைக்கிளிங் என்று சொல்வது இதைத்தான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து பழைய பஞ்சைக் கொண்டுவந்து வைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். மீன் கடையில் பழைய பஞ்சுக்கா பஞ்சம்? எனக்குக் கவர் பிரிக்காத புதுப் பஞ்சுதான் வந்தது. போதாததற்கு, அவர்கள் கொடுத்த நீல மருந்து மெத்திலீன் ப்ளூ. அது மீனைத் தனியாக எடுத்து வேறு பாத்திரத்தில் வைத்துக் கொடுக்க வேண்டியது. தொட்டிக்குள்ளேயே ஊற்றினால் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும், செடியையும் கெடுக்கும்.

“தண்ணியை பாட்டில்ல எடுத்துட்டு வாங்க, ஃப்ரீயா டெஸ்ட் பண்ணித் தர்றோம்” என்றும் சொன்னார்கள். கொண்டுபோனேன். ஒரு அட்டையை முக்கி எடுத்து, நிறங்களைக் காட்டி, “எல்லாம் பர்ஃபெக்ட்” என்றார். அந்த அட்டையில் பிஹெச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு, அதற்குக் கட்டம் இருந்தது, கடினத்தன்மைக் கட்டம் இருந்தது; அம்மோனியாவுக்குக் கட்டமே இல்லை. பல டெஸ்ட் அட்டைகளில் அது இருக்காது, தனியாகத்தான் வாங்க வேண்டும். அப்புறம் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்றை வேறு இடத்தில் வாங்கினேன். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்கி வைத்தால், மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை என்று அர்த்தம். என் சோதனைக் குழாய், நிற அட்டவணையின் கடைசிக் கட்டத்துப் பச்சைக்குப் போய் நின்றது.

இனி செடிக் கதை. ஆட்கள் நட்டவற்றில் பாதிக்கு மேல் நீர்ச்செடியே இல்லை. லக்கி பாம்பூ என்கிற டிரசீனா, பீஸ் லில்லி, சிங்கோனியம், மோண்டோ புல், ஊதா இலை ஹெமிகிராஃபிஸ். எல்லாம் தரையில் வளர்பவை. வேர் மட்டும் ஈரத்தில் நின்றால் இவற்றில் சில பிழைக்கும். இலையும் தண்டும் முழுக்கத் தண்ணீருக்குள் போனால் மெதுவாக அழுகும். உடனே அழுகாமல் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்பதுதான் விற்பவனுக்கு வசதி. உண்மையான நீர்ச்செடி என்று கொஞ்சம் வல்லிஸ்நேரியாவும் இரண்டு கொத்து அனுபியாஸும் இருந்தன. அந்த அனுபியாஸையும் கிழங்கோடு மண்ணில் புதைத்திருந்தார்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கல்லிலோ கட்டையிலோதான் கட்டிவிட வேண்டும். கிழங்கு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும்.

இலைகள் கரைய ஆரம்பித்ததும் போன் செய்தேன். “அது மெல்ட் சார். புதுச் செடி எல்லாமே முதல்ல மெல்ட் ஆகும், அப்புறம் புது இலை வரும்” என்றார். பாதி உண்மையை வைத்து முழுப் பொய் சொல்வது எப்படி என்பதை இதில் பார்க்கலாம். கிரிப்டோகோரைன் போன்ற செடிகள் தண்ணீர் மாறினால் இலையை உதிர்ப்பது நிஜம். நர்சரியில் தண்ணீருக்கு மேலே வளர்த்த நீர்ச்செடிகளும் பழைய இலையை விட்டுவிட்டுப் புது இலை விடும். ஆனால் அவற்றில் வேரும் கிழங்கும் கெட்டியாக இருக்கும், நடுவிலிருந்து குருத்து வரும். என் டிரசீனாவில் தண்டே அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இரண்டு விரலால் அழுத்தியதும் தோல் வழுக்கிக்கொண்டு தனியாக வந்தது. உள்ளேயிருந்து வந்த நாற்றம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அந்த அழுகலெல்லாம் போய்ச் சேர்வதும் அதே அம்மோனியாக் கணக்கில்தான்.

கடையின் விற்பனைத் தொட்டியில் மட்டும் அதே செடிகள் எப்படிப் பளபளவென்று நின்றன? ஒருநாள் கடை திறக்கும் நேரத்தில் போனபோது பார்த்தேன். பையன் ஒருவன் வாளியிலிருந்து புதுக் கொத்துகளை எடுத்துத் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். பழையவை ஈரத்தோடு தரையில் கிடந்தன.

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். செடியைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நீர்ச்செடிகளுக்குத் தன்னைத் தாங்கும் வலு கிடையாது, வெளியே எடுத்ததும் துவண்டு தொங்கும். தரைச்செடி விறைப்பாக நிற்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவையும், தண்ணீருக்கு மேலே வளர்த்துக் கொண்டுவந்த இளஞ்செடிகளும் விறைப்பாகத்தான் இருக்கும்; அதனால் இதை மட்டும் நம்பாமல் செடியின் பெயரைக் கேட்டுத் தேடிப் பாருங்கள். பெயர் சொல்லாமல் “இம்போர்ட்டட் சார்” என்று மட்டும் பதில் வந்தால் வாங்கவே வேண்டாம்.

அழுகிய தண்டுகளைப் பிடுங்கியபோது அடுத்த விஷயம் வெளியே வந்தது. கறுப்புச் சத்துமண் மேலே ஒரு விரல் கனத்துக்குத்தான். அதற்குக் கீழே எல்லாம் வெள்ளை மார்பிள் சிப்ஸ். இரண்டை எடுத்துத் துடைத்து வினிகர் விட்டேன், நுரைத்தது. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் பிஹெச்சையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். மென்மையான, லேசான அமிலத் தண்ணீரில் வாழும் நியானுக்கு அது ஆகாது. அதைவிட மோசம், தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். அதில் மீனைக் கொல்லும் வடிவத்தின் பங்கு, பிஹெச் 7இலிருந்து 8க்கு ஏறினால் ஏறக்குறைய பத்து மடங்காகும். ஆக, அம்மோனியா ஏறும்படி செய்ததும் அவர்கள்தான், அது கூடுதல் விஷமாகும்படி அடியில் கல்லைக் கொட்டியதும் அவர்கள்தான். இன்னொன்று: தொட்டி முழுக்க நல்ல சத்துமண்ணே போட்டிருந்தாலும் அன்றைக்கே மீன் விட்டிருக்கக் கூடாது. அந்த வகை மண்ணில் பல, தொடக்க வாரங்களில் தானே அம்மோனியா விடும்.

மீனையும் மாற்றியிருந்தார்கள். ஹார்லிகின் ராஸ்போராவுக்குப் பதில் டைகர் பார்ப். கேட்டதற்கு, “ரெண்டும் ஒரே குடும்பம்தான் சார்” என்று பதில். உறவு என்பதில் பொய்யில்லை, குணம்தான் வேறு. டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும் மீன். ஹனி கௌராமியின் அடியில் நூல் மாதிரி இரண்டு தொங்குமே, அவற்றைக் கடித்துக் கடித்துக் குட்டையாக்கிவிட்டன. சயாமீஸ் ஆல்ஜி ஈட்டருக்குப் பதில் சைனீஸ் ஆல்ஜி ஈட்டர். பெயர் ஒலிப்பதில் கிட்டத்தட்ட ஒன்று, மீன் முற்றிலும் வேறு. சயாமீஸின் உடலில் ஓடும் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை போகும். சைனீஸுக்குத் தலைக்கு அடியில் உறிஞ்சும் வாய் இருக்கும். குட்டியில் பாசி தின்னும், வளர வளர முரடாகி மற்ற மீன்களின் பக்கவாட்டில் ஒட்டி அவற்றின் வழவழப்பை உறிஞ்சும். இதற்கெல்லாம் மேல், “தொட்டியைச் சுத்தம் பண்ணும்” என்று ஒரு குட்டி சக்கர் மீன் இலவசம். சாதாரண சக்கர் 40 செ.மீ. வரை வளரக்கூடியது. சுத்தம் செய்வதைவிடப் போடும் கழிவு அதிகம். பெரிதானபின் என்ன செய்வது என்று தெரியாமல் பலரும் அதை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், பல நாடுகளின் நீர்நிலைகளில் அது பெருகி உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகியிருக்கிறது.

ஆனால் இவற்றையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது பராமரிப்பு ஒப்பந்தத்தை நினைத்தால்தான். விலையோடு சேர்த்து அதையும் விற்றிருந்தார்கள். சர்வீஸ் ஆள் வருவார், ஏறக்குறைய முழுத் தண்ணீரையும் இறைப்பார், பஞ்சைக் குழாயடியில் பிடித்து வெள்ளையாகும் வரை பிழிவார், குளோரின் நீக்கும் மருந்து விடாமல் நேராகக் குழாய்த் தண்ணீரை நிரப்புவார். அந்தப் பஞ்சில் குடியேறத் தொடங்கிய பாக்டீரியா மொத்தமும் போய்விடும். அடுத்த சில நாளில் மீன்கள் திரும்ப மேலே வந்து மூச்சு வாங்கும். திரும்ப மருந்து, திரும்பச் செத்த மீனுக்குப் பதில் மீன், திரும்ப சர்வீஸ். இப்படிப் பராமரித்தால் தொட்டி ஒருநாளும் நிலைக்கு வராது, பில்லும் நிற்காது. பஞ்சைக் கழுவ வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசி வைத்தால் போதும். தண்ணீரை ஒரு வாளியில் ஒருநாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். ஆனால் சில ஊர்களின் குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரமின் அப்படிப் போகாது, அதற்கு மருந்து விட்டே ஆக வேண்டும்.

தெரியாமல் செய்கிறார்கள் என்று நம்ப முடியவில்லை. கடையின் முகப்பில் ஒரு பெரிய ஷோ டேங்க் உண்டு. அதில் கிரிப்டோகோரைன் மண்டிக்கிடக்கும், ஒரு டிரசீனாகூடக் கிடையாது. அதன் ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுவீர்கள் என்று அங்கிருந்த பையனிடம் சும்மா கேட்டேன். “அதுல கை வெக்கக்கூடாது சார், ஓனர் திட்டுவாரு.”

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “உயிருள்ள பொருளுக்குக் கேரண்டி கிடையாது சார்.” சரி, மண்ணுக்கு உயிர் இல்லையே என்றதற்கு பில்லைக் காட்டச் சொன்னார். பில்லில் இருந்தது ஒரே வரி: அக்வேரியம் செட், 1. எந்த மண், எத்தனை கிலோ, எந்தச் செடி, எந்த மீன், எதுவும் அதில் இல்லை. பேச்சு அங்கே முடிந்தது.

ஆகவே யாரிடம் வாங்கினாலும் மண்ணின் பெயரும் எடையும், ஒவ்வொரு செடியின் பெயரும், மீனின் பெயரும் எண்ணிக்கையும், ஃபில்டரின் மாடலும் தனித்தனி வரியாக பில்லில் வரட்டும். மண்மூட்டையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். செடி நட்டுத் தண்ணீர் நிரப்பும் நாளும் மீன் விடும் நாளும் தனித்தனியாக இருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. இதற்கு ஒத்துக்கொள்ளாத கடை வேண்டாம்.

ஏற்கெனவே இப்படியொரு செட் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், அடுத்த சர்வீஸுக்கு ஆள் வருவதற்கு முன்பே அம்மோனியா டெஸ்ட் எடுத்து, சோதனைக் குழாயையும் நிற அட்டவணையையும் சேர்த்துத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். மண்ணின் குறுக்கு அடுக்கையும் கண்ணாடி வழியாக எடுங்கள். அவர் முழுத் தண்ணீரையும் மாற்றிவிட்டுப் போன பிறகு எடுத்தால் அளவு குறைவாகத்தான் காட்டும், அதையே அவர்கள் ஆதாரம் என்பார்கள்.