குண்டு வைத்த அளவு பௌரர்: நெரிசலான பாரில் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பெரிய விழாக்களில் பார் மேசைக்குப் பின்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு மட்டும் வந்தவர்களாக இருப்பார்கள். ஒருவர் ஜிக்கர் என்னும் சிறு அளவுக் கிண்ணத்தில் அளப்பார், இன்னொருவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஊற்றுவார். இவர்கள் எல்லோர் கையிலும் ஒரே அளவு விழ வேண்டும் என்றுதான் குண்டு பௌரர் என்னும் ஊற்றுமூக்கை வாங்குகிறார்கள். பாட்டில் வாயில் செருகிக் கவிழ்த்தால் உள்ளே இருக்கும் சிறு குண்டுகள் மெல்ல நகர்ந்து வழியை அடைக்கும். 30 அல்லது 45 மி.லி. விழுந்ததும் ஊற்று தானே நின்றுவிடும்.

அந்த வேலையை இது ஒழுங்காகச் செய்கிறது. 750 மி.லி. பாட்டிலில் 30 மி.லி. கணக்குக்கு 25 கிளாஸ் வர வேண்டும். ஒவ்வொன்றிலும் 5 மி.லி. கூடிப்போனால் 21 தான் தேறும். பாட்டிலுக்கு நாலு கிளாஸ் நஷ்டம். அதைவிட முக்கியம், குடிப்பவருக்குத் தெரியாமலே அதிக மது உள்ளே போகிறது. புதிதாக வந்தவர் கையிலும் அளவு தவறாமல் இருக்க, பயிற்சிக்கு நேரமில்லாத இடத்தில் இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் பாட்டிலைத் தயங்காமல் சட்டென்று முழுதாகக் கவிழ்க்க வேண்டும். மெதுவாகச் சாய்த்தால் குண்டு நகரும் நேரமும் திரவம் வரும் வேகமும் பொருந்தாமல் அளவு மாறிவிடும். ஊற்றியபின் பாட்டிலை நேராக நிமிர்த்தாவிட்டால் குண்டு பழைய இடத்துக்குத் திரும்பாது. அடுத்த கிளாஸில் குறையும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த நிமிர்த்தலில்தான்.

வேகம் என்று பார்த்தால் குண்டு இல்லாத சாதாரணத் திறந்த பௌரரே முந்துகிறது. நாலு கிளாஸை விளிம்போடு விளிம்பாக ஒட்டி வைத்து, ஐஸ் நிரப்பி, பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே ஓட்டத்தில் ஊற்றிப் போகலாம். நாலு எண்ணுவதற்குள் ஏறத்தாழ 60 மி.லி. விழும் என்பது அந்தப் பழக்கத்தின் கணக்கு. குண்டு பௌரரில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒருமுறை நிமிர்த்தியாக வேண்டும். எண்ணி ஊற்றத் தேர்ந்த ஆட்கள் கிடைத்தால் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பது எங்கள் முடிவு.

வோட்கா, ஜின், ரம், விஸ்கி போன்ற, தண்ணீர் போல் ஓடும் மதுக்களுக்கு மட்டுமே இதைப் பொருத்துங்கள். காபி, ஆரஞ்சு லிக்கர் போன்ற இனிப்பு மதுக்களில் சர்க்கரை காய்ந்து குண்டு ஒட்டிக்கொள்ளும். கிரீம் லிக்கருக்கு அறவே வேண்டாம். தடித்துப் போய் அடைப்பதோடு உள்ளே கெட்டும் போகும். சிரப், பழச்சாறு இரண்டுக்கும் அகலவாய்ப் பாட்டில்தான் சரி.

காக்டெயிலுக்கும் இது உதவாது, அதை முன்கூட்டியே கலந்து வைப்பதே வழி. ஒரு கிளாஸுக்கு மது 45, எலுமிச்சைச் சாறு 20, சிரப் 20, குலுக்கும்போது உருகிச் சேரும் ஐஸுக்கு ஈடாகத் தண்ணீர் 25 என்றால் மொத்தம் 110 மி.லி.; நூறு கிளாஸுக்கு 11 லிட்டர். அன்றே பிழிந்த சாறு, நன்றாகக் குளிரவைத்த கலவை, கைப்பிடி உள்ள ஜக். சோடா சேருமானால் கிளாஸில் கடைசியாக. வரிசை நகர்வதற்கு எந்தப் பௌரரை விடவும் இந்த ஜக்கே அதிகம் உழைக்கும்.

விழாவுக்கு முன் ஒவ்வொரு பௌரரையும் தண்ணீர் பாட்டிலில் மாட்டி, அளவுக் குடுவையில் மூன்று முறை ஊற்றிப் பாருங்கள்: பாட்டில் நிறைந்திருக்கும்போது, பாதியில், கால்வாசியில். 2 மி.லி.க்கு மேல் தவறுவதை ஒதுக்கிவிடலாம். செருகுமுன் பாட்டில் கழுத்தின் ஈரத்தைத் துடையுங்கள். ஈரமான ரப்பர் வழுக்கி, கவிழ்க்கும்போது பௌரர் கழன்று விழுந்தால் பாட்டிலே கிளாஸில் கொட்டும். மூக்கு லேபிளுக்குப் பக்கவாட்டில், எல்லாப் பாட்டிலிலும் ஒரே திசையில் இருக்கட்டும். பார்க்காமலே எடுத்து ஊற்றலாம்.

விழா முடிந்ததும் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். பாட்டிலுக்கு அதன் மூடியையே போடுங்கள். பௌரரோடு விட்டால் மது ஆவியாகும், பழ ஈ உள்ளே போகும்.

வாங்கும்போது மேசையில் நிற்கும் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, மேலே இரண்டு மூன்று. பாட்டில் தீரும்போது பௌரரை மாற்றி மாற்றிச் செருகினால் மிச்சப்படுத்திய நேரம் அங்கேயே போய்விடும். பௌரரின் எந்த நிறம் எந்த அளவைக் குறிக்கும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், ஒரே நிறுவனத்தின் ஒரே அளவை வாங்குங்கள். 30-ம் 45-ம் ஒரே மேசையில் கலந்துவிட்டால், நெரிசலில் எந்தப் பாட்டிலில் எது இருக்கிறது என்று யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.