நாய் வளரும் வீட்டுக்கு எந்தக் கம்பளம்?

யாழ்ப்பாணத்து வெயிலில் கம்பளம் எதற்கு என்று கேட்பவர்கள், வயதான நாயொன்று மாபிள் தரையிலிருந்து எழும்பப் படும் பாட்டைப் பார்த்திருக்கமாட்டார்கள். பின்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வழுக்கும்; நகம் தரையைப் பிராண்டும்; எழும்பிய நாய் மறுபடி இருந்துவிடும். பழைய சீமெந்துத் தரையில் இந்தத் தொல்லை குறைவு. மாபிள் பதித்த வீட்டில் விரிப்பு வேண்டியதுதான். எந்த விரிப்பு என்பதில்தான் வழக்கு.

கம்பளியை முதலில் ஒதுக்கிவிடலாம். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும், தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் இது பெரும் ஏமாற்று. நாயின் சிறுநீர் கிடக்கக் கிடக்கக் காரமாக மாறும். கம்பளி புரத நார் என்பதால் காரம் அதை அரித்துவிடும். கறை போக்கக் குளோரின் ஊற்றினாலோ நாரே கரையும். கனடாவிலிருந்து அன்போடு வந்த கம்பளமென்றால் சுவரில் தொங்கவிடுங்கள்.

பொலியஸ்டர் மெத்தென்று இருக்கும், கறையும் எளிதில் ஏறாது. ஆனால் ஆளும் நாயும் நடக்கும் பாதையில் விரைவில் படிந்துபோகும். படுக்கையறைக்குப் போதும், ஹோலுக்குக் காணாது.

உண்மையான போட்டி நைலோனுக்கும் பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நாருக்கும்தான். உழைப்பில் நைலோனே மேல்: மிதிபட்ட இழை மறுபடி நிமிரும், பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் ஓரளவு ஈரம் குடிக்கும். கறையைக் கவனிக்காமல் விட்டால் மஞ்சள் ஏறிவிடும். பொலிபுரோப்பிலீன் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. நூலாக இழுக்கும் முன்பே உருகலில் நிறத்தைக் கலப்பதால் சாயமும் எளிதில் போகாது. குறை, எண்ணெய்ப் பசையை விடாது பிடிப்பது. நாய் வழமையாகப் படுக்கும் இடத்தில் அதன் உடல்வடிவிலேயே கறுப்புத் திட்டொன்று விழும். நாற்காலியை இழுத்தால் உராய்வுச் சூட்டில் தழும்பும் விழும்.

இருந்தும் என் வாக்கு பொலிபுரோப்பிலீனுக்கே, அதுவும் ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய சிறு விரிப்பாக. கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, மதிலில் போட்டால் வெயில் நாளில் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். சுவருக்குச் சுவர் ஒட்டும் கம்பளத்தில் நாற்றம் மேல் இழையோடு நிற்பதில்லை. அடியிலுள்ள பஞ்சுப் படைக்குள் இறங்கிவிடும். அதை எப்படிக் கழுவுவது? கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். நம் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினநீர். சவர்க்காரம் அதில் பிசுக்காகப் படிந்து, கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணை மேலும் இழுக்கும். கடைசி அலசலுக்குப் பிடித்து வைத்த மழைநீர் நல்லது. அமோனியா கலந்த திரவங்கள் வேண்டாம். அந்த வாடை சிறுநீரை ஒத்ததால், நாய் அதே இடத்துக்குத் திரும்பக்கூடும்.

ஒட்டும் கம்பளத்தை விட்டுச் சிறு விரிப்பை எடுக்கத் தெள்ளு இன்னொரு காரணம். அதன் முட்டை நாயின் மயிரில் ஒட்டாது, உதிர்ந்து விரிப்புக்குள் விழும். கூட்டுப்புழுப் பருவத்தில் மருந்து அதை எட்டுவது அரிது. மாதக்கணக்கில் காத்திருக்கவும் வல்லது. கழற்றி உதறிக் கழுவக்கூடிய விரிப்பென்றால் பாதி வேலை முடிந்தது. உண்ணியோ சுவர் வெடிப்பிலும் ஏறிக்கொள்ளும். அதற்குக் கம்பளத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

பனையோலைப் பாயை விரும்பாமல் இருக்க முடியவில்லை, குளிர்ச்சி, மலிவு. ஆனால் குட்டி நாய்க்கு அது கடித்து விளையாடும் பொருள். பிய்ந்தால் இன்னொன்று வாங்கலாம் என்பவர்களுக்கு அதுவே போதும். தும்பு விரிப்பு வாசலில் கால் துடைக்கச் சிறந்தது, படுக்கச் சொரசொரப்பு.

எந்த நாராயினும் வளைய இழைப் பின்னலை எடுக்காதீர்கள். ஒரு வளையத்தில் நகம் மாட்டினால் ஒரு வரிசையே உருவி வரும். மேல்முனை வெட்டப்பட்ட, குட்டையான, அடர்ந்த இழையே ஏற்றது. விரிப்பை வெளிப்பக்கமாக மடித்துப் பாருங்கள். அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் அடர்த்தி போதாது. கடைக்காரர் எல்லாவற்றையும் நைலோன் என்பார். ஓரத்து நூலில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு துளி சவர்க்காரம் கலந்த தண்ணீரில் நன்றாக அமிழ்த்தி விடுங்கள். பொலிபுரோப்பிலீன் மேலே வந்து மிதக்கும். நைலோனும் பொலியஸ்டரும் அடியில் தங்கும்.